உத்திரட்டாதி, பெயர் சிவநேசன்

“பேர் ப்ரூனோ, சாமி. ரோகிணி நட்சத்திரம்.”

சன்னிதியில் எனக்கு முன்னால் நின்றவர் இப்படிச் சொன்னபோது, யாரோ இத்தாலிக்கார மாப்பிள்ளை வாய்த்திருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டேன். மெல்பர்னில் அது நடக்காத விஷயமில்லை. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பிய பிறகுதான் பக்கத்தில் நின்ற அம்மாள் என் காதைக் கடித்தார். ப்ரூனோ காரில் உட்கார்ந்திருக்கிறானாம். எட்டிப் பார்த்தேன். பெரிய கறுப்புக் காரின் பின்ஜன்னலில், சுருட்டை முடியோடு ஒரு நாய் கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தது.

நாய்க்கு இடுப்பில் ஆபரேஷன். விற்றவன் கொடுத்த சான்றிதழில் பிறந்த தேதி இருந்திருக்கிறது. அதைப் பஞ்சாங்கத்தில் பார்த்து நட்சத்திரம் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கு நாயின் மேல் ஒரு கோபமும் இல்லை. வாயில்லா ஜீவன், நன்றாக இருக்கட்டும். குருக்களும் மனசாரத்தான் சொன்னார். ஆயுள், ஆரோக்கியம், ஐஸ்வரியம் அனைத்தையும் ப்ரூனோவுக்காக அம்மனிடம் வேண்டினார்.

நாயின் சொந்தக்காரர் எங்கள் கோயில் தலைவர் கணேசமூர்த்தி. வீட்டுக்கடன் வாங்கித் தருவது தொழில். கிளென் வேவர்லியில், நல்ல ஸ்கூல் எல்லைக்கு உள்ளே வீடு. அந்த வீட்டை ஏலத்தில் எடுப்பதற்கு முதல் நாளும் ஓர் அர்ச்சனை நடந்தது. அவருடைய கம்பெனிக்கு மாதா மாதம் அர்ச்சனை உண்டு. கம்பெனி எந்தத் தேதியில் பதிவானதோ அந்த நாளின் நட்சத்திரம்தான் கம்பெனிக்கு நட்சத்திரம்.

குருக்கள் இதில் ஒரு முறை வைத்திருந்தார். கம்பெனிக்கு ஆயுள் ஆரோக்கியம் கேட்க மாட்டார். “வியாபார அபிவிருத்தி” என்பதோடு நிறுத்திவிடுவார். உயிர் இருக்கிறதுக்குத்தான் ஆயுள் கேட்கணும் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். மூச்சு விடுகிற நாய்க்கு உண்டு, மூச்சு விடாத கம்பெனிக்குக் கிடையாது. நியாயமான மனிதர்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நாய்க்கும் கம்பெனிக்கும் அர்ச்சனை நடந்த இதே கோயிலில்தான், ஒரு மனிதனுக்கு இனி அர்ச்சனை கிடையாது என்று கமிட்டி தீர்மானம் போட்டது.

செத்த வெள்ளைக்காரர்களும் நானும்

போன வாரம் என் ஆராய்ச்சிப் படிப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அப்படி என்னதான் ஆராய்ந்தீர்கள் என்று சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்டதற்காக வருத்தப்படப் போகிறீர்கள்.

ஆட்டுக்கல் விற்கிற மதுரைத் தெருவில் பிறந்து, கம்ப்யூட்டர்காரரைக் கல்யாணம் செய்து மெல்பர்னுக்கு வந்தவள் நான். வந்த இடத்தில் சும்மா இருக்காமல், நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தைப் படித்தேன். செத்தவர்களுக்காகப் பிரார்த்தனை செய்யக் கூடாது என்று அங்கே அரசாங்கம் உத்தரவு போட்டபோது கிராமத்து ஜனங்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் என் தலைப்பு. என் மாமனார் சாகிறவரை கேட்டுக்கொண்டிருந்தார், செத்த வெள்ளைக்காரனுக்கு நீ ஏம்மா கவலைப்படுறே என்று. வேலை கொடுக்க வேண்டியவர்களும் கிட்டத்தட்ட அதையே கேட்டார்கள்.

கதை இதுதான். ஒரு ராஜாவுக்குப் பெண்டாட்டியை மாற்ற வேண்டியிருந்தது. ரோமில் இருந்த பெரியவர் சம்மதிக்கவில்லை. அப்படியானால் என் நாட்டு சபைக்கு நானே தலைவன் என்று ராஜா அறிவித்தான். தலைவனான கையோடு அவன் கண் மடங்களின் மேல் போனது. மடத்து நிலம், மடத்து வெள்ளி, கூரையில் வேய்ந்த ஈயத் தகடு முதற்கொண்டு ஏலம் போயிற்று. வாங்கியவர்கள் யார்? வக்கீல்கள், கம்பளி வியாபாரிகள், அரண்மனைக் குமாஸ்தாக்கள். முந்தின வருஷம் அதே மடத்தில் முழந்தாளிட்டு மெழுகுவத்தி ஏற்றியவர்கள். நிலம் கைக்கு வந்ததும் அத்தனை பேரும் சீர்திருத்தவாதி ஆகிவிட்டார்கள். பழைய மதம் திரும்பி வந்தால் நிலத்தைத் திருப்பிக் கேட்பார்களே!

அவன் மகன் காலத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சின்னப் பையன் சிம்மாசனத்தில். பெரிய ஆட்கள் பின்னால். இறந்தவர்களின் ஆத்மாவுக்காகப் பூசை வைப்பதெல்லாம் மூடநம்பிக்கை என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததோடு, அந்தப் பூசைகளுக்காக ஊர் ஜனங்கள் எழுதி வைத்திருந்த சொத்தையும் எடுத்துக்கொண்டார்கள். மூடநம்பிக்கை ஒழிந்தது, சொத்து ஒழியவில்லை, இடம் மாறியது.

இதில் என்னைப் பிடித்து உலுக்கிய விஷயம் வேறு. அதுவரை ஊர்க் கோயிலில் இறந்தவர்களின் பேரைச் சத்தமாக வாசிக்கும் வழக்கம் இருந்தது. இன்னார் மனைவி இன்னார், இன்னார் மகன் இன்னார் என்று. ஏழைக் கிழவி கூடக் கொஞ்சம் சேர்த்து வைத்துத் தன் புருஷன் பேரை அதில் சேர்ப்பாள். உத்தரவு வந்ததும் அது நின்றுபோனது. போன வாரம் வரை காதில் விழுந்த பேர் இந்த வாரம் இல்லை. அந்தக் கிழவி அன்றைக்கு வீட்டுக்குப் போய் என்ன செய்தாள் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அதைத் தேடித்தான் நான் என் நல்ல வயதையெல்லாம் நூலகத்தில் கழித்தேன்.

விடை மெல்பர்னுக்கு வடக்கே, டயர் கடைக்கும் டைல்ஸ் கிடங்குக்கும் நடுவில் இருந்த தகரக் கொட்டகைக் கோயிலில், வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

பஸ்ஸில் ஏறியவர்

வதனி என்னைவிடப் பத்து வயது சின்னவள். இலங்கையின் வன்னியிலிருந்து படகில் வந்தவள். வந்து பல வருஷம் ஆகியும் தற்காலிக விசாதான்; அது முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டிருந்தாள். வாரநாளில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. சனிக்கிழமை கோயில் அன்னதானத்துக்கு உதவி. கிரெய்கிபர்னில் ஒரு வீட்டின் பின்பக்க யூனிட்டில் தனியாக இருந்தாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, எப்போதும்.

மாதத்தில் ஒருநாள், உத்திரட்டாதி அன்று, சின்னத் தட்டில் தேங்காய் பழத்தோடு வந்து அர்ச்சனை செய்வாள். “சிவநேசன், உத்திரட்டாதி” என்பாள். குருக்கள் ஆயுள் ஆரோக்கியம் கேட்பார். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். தன் பேரில் அர்ச்சனை செய்ததே இல்லை.

சிவநேசன் அவள் புருஷன். யுத்தத்தின் கடைசி நாட்களில் எல்லோரும் ராணுவத்திடம் கையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அவனைத் தனியாகப் பிரித்து ஒரு பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை. அங்கே கேட்டாள், இங்கே வந்த பிறகு எழுதிக் கேட்டாள். ஒருமுறை வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

“ஏறினதைத்தான் அக்கா கண்டனான். பிறகு என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்டை நான் எப்பிடிச் சொல்லுறது?”

அவளுக்கு இருந்தது இவ்வளவுதான். மாதம் ஒருமுறை ஒரு குருக்கள் அவன் பேரை உயிருள்ளவனின் பேராகச் சத்தமாகச் சொல்வார். உலகத்தில் வேறு எங்கேயும் அவன் உயிரோடு இல்லை.

இதற்குத்தான் வந்தது சோதனை. சோதனையை அனுப்பியது எமன் இல்லை, கார்பார்க்.

கார்பார்க் தோஷம்

வெள்ளிக்கிழமைகளில் நம் ஜனங்கள் டயர் கடை வாசலை அடைத்துக் காரை நிறுத்துவார்கள். டயர் கடைக்காரர் புகார் கொடுத்தார். பின்னால் இருக்கும் காலி இடத்தைக் கார்பார்க் ஆக்கக் கமிட்டி நகரசபையிடம் அனுமதி கேட்டது. கிடைக்கவில்லை. மழைநீர் வடிகால் வரைபடம் சரியில்லை, திருத்தி அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

வரைபடத்தைத் திருத்துவதுதானே? இல்லை. எஞ்சினீயர்கள் மட்டுமே ஆறேழு பேர் இருந்த அந்தக் கமிட்டி, சென்னையில் இருக்கும் ஒரு ஜோசியரை ஜூமில் பிடித்தது. அவர் கண்ணை மூடி, சோழியை உருட்டி, தேவ சன்னிதியில் பித்ரு சம்பந்தம் கலந்திருக்கிறது, இறந்தவர் ஒருவருக்கு உயிருள்ளவர் மாதிரி அர்ச்சனை நடக்கிறது, அந்தத் தோஷம்தான் தடுக்கிறது என்றார். பிள்ளைகளைக் கணக்கு டியூஷனுக்கும் அறிவியல் டியூஷனுக்கும் அனுப்பும் பெரிய மனிதர்கள், தண்ணீர் வடியாததற்குக் காரணம் ஒரு காணாமல் போன மனிதன் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

யார் அந்த இறந்தவர் என்று தேடினார்கள். தேட அதிக நேரம் ஆகவில்லை. வசதியுள்ள வீட்டில் தோஷம் இருக்காதே!

தலைவர் அதை மைக்கில் அழகாகச் சொன்னார். திரையில் படம் போட்டு, அம்புக்குறி போட்டு விளக்கினார். கோயிலை முறைப்படுத்துகிறோம், ஆகமப்படி சீர்திருத்துகிறோம். ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் சட்டமே இறந்தவராகத்தான் எடுத்துக்கொள்ளும். எனவே அப்படிப்பட்டவர்கள் பேரில் இனி அர்ச்சனை இல்லை. அதற்குப் பதில் மோட்ச தீபம் ஏற்றலாம், முழுச் செலவையும் கோயிலே ஏற்கும். ஜனங்கள் கைதட்டினார்கள். இலவசம் என்றால் கைதட்டிவிடுவது எங்கள் வழக்கம்.

சமையல் பக்கத்துக் கதவருகே வதனி நின்றிருந்தாள். கையில் இருந்த சாம்பார் கரண்டியைக் கீழே வைக்காமலே நின்றாள். எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. மோட்ச தீபம் ஏற்றினால் அவன் செத்தவன். அவன் செத்தவன் என்றால் இவள் பொட்டை அழிக்க வேண்டியவள். அதைத்தான் அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள்.

நான் ஆற்றிய சொற்பொழிவு

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குப் போனேன். ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். படித்த படிப்பு இதற்காவது உதவட்டும் என்று, ராஜாவில் ஆரம்பித்து, மடம், நிலம், நிறுத்தப்பட்ட பேர்கள், அந்தக் கிழவி வரை சொன்னேன். தடை போட்ட பிறகும் ஆத்மாக்கள் திருநாளன்று ஜனங்கள் கோயில் மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள், அதிகாரிகளால் பல வருஷம் அதை நிறுத்த முடியவில்லை என்றும் சொன்னேன். நன்றாகத்தான் பேசினேன். யாரோ ஒருவர் முறுக்கு சாப்பிடும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மேடம், இங்கிலீஷ்காரன் சர்ச்சுக்கும் நம்ம கார்பார்க்குக்கும் என்னங்க சம்பந்தம்?” என்றார்.

செயலாளர் ஜெயரத்தினம் அங்கிள் ஓய்வு பெற்ற டாக்டர். வதனியின் ஊர்ப் பக்கத்துக்காரர்தான். ஆனால் நாங்கள் பிளேனில் வந்தவர்கள் என்பதை வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். அவர் என்னைத் தனியே அழைத்து, அந்தப் பிள்ளை எப்போதாவது இதை ஏற்றுக்கொள்ளத்தானே வேண்டும், அவளுடைய நன்மைக்குத்தான் என்றார். அடுத்தவர் நன்மைக்காக அடுத்தவர் புருஷனைச் சாகடிக்கும் பெருந்தன்மை எல்லோருக்கும் வராது.

வெளியே வந்து காரில் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அவ்வளவு நேரப் பேச்சில் ஒருவர் கூட அந்த மனிதனின் பேரைக் கேட்கவில்லை. “அந்தம்மா வீட்டுக்காரர்” என்றார்கள், “அந்த கேஸ்” என்றார்கள். பேர் தெரியாமலே ஆளை முடித்திருந்தார்கள்.

குருக்களையும் நான் விடவில்லை. மடைப்பள்ளி வாசலில் நிறுத்தி, உங்கள் வாயை யார் கட்டியது என்று கேட்டேன். அவர் கை ஈரத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“என் விசாவே அவா கையிலதான் இருக்கு, மேடம். பொண்ணு பத்தாவது படிக்கறா. நான் என்ன பண்றது, சொல்லுங்கோ.”

இங்கிலாந்திலும் அப்படித்தான். ராஜா ஒரு மதம், மகன் ஒரு மதம், மூத்த மகள் ஒரு மதம், இளைய மகள் ஒரு மதம். நான்கு பேர் காலத்திலும் ஒரே ஊரில் ஒரே பாதிரி இருப்பார். உத்தரவு வந்ததும் மேசையை நகர்த்துவார். அடுத்த உத்தரவில் திரும்ப நகர்த்துவார். படிக்கிற காலத்தில் அவர்களைப் பற்றி ஏளனமாக ஓர் அத்தியாயமே எழுதினேன். குருக்கள் கையைத் துடைத்த துடைப்பைப் பார்த்த பிறகு அவர்களைத் திட்ட மனசு வரவில்லை. திட்டுவதற்குக் கமிட்டி இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பாதிரிகளுக்குப் பல வருஷம் பின்னால் வந்தவர்களுக்கு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. பூசை மேசையைச் சுற்றி மரக் கம்பி வேலி போடு, நாய் நுழையாத அளவு நெருக்கமாகப் போடு என்று. எங்கள் கோயிலிலும் அந்த வருஷம் பளபளவென்று எவர்சில்வர் கம்பி போட்டார்கள், உபயதாரர்கள் மட்டும் உள்ளே நிற்பதற்கு. நல்ல வேளை, நாயைத் தடுப்பதற்கு இல்லை. தடுத்தால் தலைவர் வீட்டில் சண்டை வந்திருக்கும்.

ரோல்ஸ் மணக்கும் குசினி

இரண்டு உத்திரட்டாதி அர்ச்சனை இல்லாமல் போயின. மூன்றாவது வருவதற்கு முன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வதனியின் யூனிட்டுக்குப் போனேன். குசினி (சமையலறைக்கு அவள் சொல்லும் பேர்) முழுக்க ரோல்ஸ் மணம். யாரோ பிறந்தநாளுக்குக் கேட்டிருந்தார்கள். அவள் கை ரோல்ஸுக்குப் பெரிய பேர் உண்டு. கேட்பவர்களுக்குச் செய்து கொடுப்பாள்.

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நான் கமிட்டியைத் திட்ட ஆரம்பித்தேன். ஜோசியரில் தொடங்கி ஒவ்வொருவராக வந்தேன். அவள் உருளைக்கிழங்குக் கறியை ரொட்டியில் வைத்துச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது பேசினாள்.

“அக்கா, நான் சண்டை பிடிக்க மாட்டன். ஆனால் ஒரு கமிட்டி தீர்மானம் போட்டு என்ர மனிசனைச் சாகடிக்க ஏலாது. நான் விளக்கும் ஏத்த மாட்டன்.”

ஆமா, ஏற்றாதே என்றேன். வேறு கோயிலுக்குப் போகலாமே என்றும் கேட்டேன். அங்கே ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை, போனாலும் அங்கேயும் ஒரு கமிட்டி இருக்கும்தானே என்றாள்.

பிறகு நான் வழக்கம்போல் இங்கிலாந்துக்குப் போய்விட்டேன். என் மூளை அப்படி. செத்தவனுக்குப் பூசை வைக்காதே என்று சட்டம் சொன்னதும், சிலர் உயிலை மாற்றி எழுதினார்கள். என் நினைவு நாளில் ஏழைகளுக்கு ரொட்டி கொடுங்கள் என்று. ரொட்டி கொடுப்பதை எந்த ராஜா தடுப்பான்? வருஷா வருஷம் ஊர் கூடும், ரொட்டி வாங்கும், கொடுத்தவன் பேரைச் சொல்லும். இதை ஒரு தகவலாகத்தான் சொன்னேன்.

வதனி ரோல்ஸைச் சுருட்டுவதை நிறுத்தினாள். தலைவருடைய கொம்பனிக்கு மாதா மாதம் அர்ச்சனை நடக்கிறதுதானே என்று கேட்டாள். நடக்கிறது என்றேன். கொம்பனிக்கு உயிர் இருக்கிறதா என்று யாராவது கேட்டார்களா என்றாள். இல்லை என்றேன்.

“அப்ப நானும் ஒரு கொம்பனி திறக்கிறன்.”

சுவரில் கலண்டர் தொங்கியது, மெல்பர்ன் நேரத்துக்குக் கணித்த பஞ்சாங்கத்தோடு. அடுத்த உத்திரட்டாதியை அவள் ஏற்கெனவே பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அன்றைக்கே பதிவு செய்வோம் என்றாள். அப்போது கொம்பனியின் நட்சத்திரமும் அதுவாகிவிடும் அல்லவா? எனக்கு அது தோன்றவே இல்லை. பட்டம் வாங்கியது நான்.

அந்த நாளில் என் லேப்டாப்போடு போனேன். அவள் தலைக்குக் குளித்து, சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். இந்த நாட்டில் தொழில் பேரைப் பதிவு செய்வது பெரிய வேலையில்லை; ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். தொழிலின் பேர் என்ன என்று திரை கேட்டது. “சிவநேசன் கேட்டரிங்” என்று நான் தட்ட, ஒவ்வோர் எழுத்தாக அவள் உதட்டை அசைத்துப் பார்த்தாள். அவனுடைய பழைய அடையாள அட்டையில் எப்படி இருந்ததோ அப்படியே ஆங்கில எழுத்துகள் வர வேண்டும் என்றாள். வரவைத்தோம்.

சில நாளில் பதிவேட்டில் பேர் வந்துவிட்டது. காட்டினேன். பேருக்கு எதிரே “ஆக்டிவ்” என்று இருந்தது. அது என்ன என்று கேட்டாள். நடப்பில் இருக்கிறது என்று அர்த்தம் என்றேன். அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அரசாங்கம் ஒன்று அவனைப் பற்றி நல்லதாக ஏதோ சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுபடியும் சன்னிதியில்

அதற்கடுத்த உத்திரட்டாதி ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. ஹீட்டர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்ததால் ஜனம் முழுக்க அந்தப் பக்கமே நின்றது. டயர் கடை வாசலில் வழக்கம்போலக் கார்கள். இத்தனை மாதம் சிவநேசனுக்கு அர்ச்சனை நடக்கவில்லை. தோஷம் போயிருக்க வேண்டும். கார்பார்க் அனுமதி மட்டும் வரக் காணோம்.

யாராவது புதிதாகத் தொழில் தொடங்கினால் பொன்னாடை போர்த்துவது தலைவர் கொண்டுவந்த வழக்கம். தொழிலுக்குக் கடன் தேவைப்படும், கடன் வாங்கித் தர அவர் இருக்கிறார். வதனி முன்கூட்டியே பேரைக் கொடுத்திருந்தாள். அவர் மைக்கைப் பிடித்து, நம் சமூகத்துப் பெண்மணி, சொந்தக் காலில் நிற்கிறார், உழைப்பால் உயர்கிறார் என்றெல்லாம் பேசினார். அவள் முகத்தை அவர் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

கடைசியில் அவரே சொன்னார். “சிவநேசன் கேட்டரிங்! எல்லாரும் ஒரு கை தட்டுங்க.” தட்டினார்கள். அந்தப் பேர் ஸ்பீக்கரில் வந்து தகரக் கூரையில் மோதி இறங்கியது. தலைவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? கேட்டிருந்தால்தானே!

ஜெயரத்தினம் அங்கிள் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஊர்க்காரர், அவருக்குப் பேர் தெரிந்திருக்கலாம். எழுந்து சொல்லிவிடுவாரோ என்று அவரையே பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் அதைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வதனி என்னையும் இழுத்துக்கொண்டு தட்டோடு கம்பிக்கு உள்ளே போனாள். தொழிலதிபர் ஆயிற்றே, அனுமதி உண்டு. குருக்கள் தட்டை வாங்கி, நட்சத்திரம் என்ன என்று கேட்டார். உத்திரட்டாதி என்றாள். பேர் என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“சிவநேசன் கேட்டரிங், ஐயா,” என்றாள்.

தட்டு அவர் கையில் அப்படியே நின்றது. அவர் பார்வை ஒருமுறை தலைவர் பக்கம் போய் வந்தது. விசா, பத்தாவது படிக்கும் பெண், எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு உள்ளே திரும்பினார். எங்களுக்கு முதுகுதான் தெரிந்தது.

உத்ரப்ரோஷ்டபதா நட்சத்ரே என்று ஆரம்பித்தார். மீன ராசி சொன்னார். சிவநேச நாமதேயஸ்ய என்றார். கேட்டரிங்கைக் காணோம். அடுத்து வர வேண்டியது வியாபார அபிவிருத்தி. வியாபாரம் என்று சொன்னாலே போதும், அவர் பிழைத்துக்கொள்வார், யாரும் எதுவும் கேட்க முடியாது. ஒரு மூச்சு எடுத்தார். என் பக்கத்தில் வதனியின் உதடு அசைவது நின்றுவிட்டது.

“க்ஷேம, ஸ்தைர்ய, தைர்ய, வீர்ய, விஜய,” என்றார் குருக்கள். குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. “ஆயுர், ஆரோக்ய…”

தலைவர் போனில் யாருக்கோ செய்தி தட்டிக்கொண்டிருந்தார். ஜனம் ஹீட்டர் பக்கம் நெருங்கி நின்றது. மணி அடித்தது, கற்பூரம் காட்டினார்கள். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, மறைக்கவும் தோன்றவில்லை. நூலகத்தில் அத்தனை வருஷம் தேடிய கிழவி என் தோளை உரசிக்கொண்டு நின்றிருந்தாள்.

வதனி தட்டை வாங்கி, குங்குமத்தை எடுத்து, ஏற்கெனவே இருந்த பொட்டின் மேலேயே வைத்தாள். குருக்கள் அவளை நிமிர்ந்து பார்க்காமல் அடுத்தவர் தட்டுக்குக் கை நீட்டினார்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கேட்டனீங்களோ அக்கா? ஆயுள் எண்டு சொன்னவர்.”

ஓம் என்றேன். மதுரைக்காரி நான், ஆமா என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.